பதினான்கு ஆட்டத்தில் பதினைந்து வெற்றி

என் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. தெருவுக்கு அவன் விசில். அம்மாவே அவனைத் தேடிக்கொண்டு கடைப் பக்கம் போனால், "எங்க விசிலு இந்தப் பக்கம் வந்தானா?" என்றுதான் கேட்பாள்.

பெயர் வந்த கதை சின்னது. எங்கள் தெரு ஒரு முட்டுச் சந்து. அதன் கோடியில் பழைய கிடங்கு ஒன்றின் உயரமான சுவர். அந்தப் பக்கம் இரண்டு செங்கல், இந்தப் பக்கம் இரண்டு செங்கல், நடுவில் பையன்களின் ஃபுட்பால். தம்பிக்கு ஓட வராது. ஓடினால் கால் ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் போகும். அணி பிரிக்கும்போது கடைசி ஆளாக அவன் மட்டும் நிற்பான். "இவன நீங்களே வச்சுக்கோங்கப்பா" என்று இரண்டு அணிக்கும் இடையே உபசாரம் நடக்கும். ஒன்பது வயதில் ஒருநாள் எங்கிருந்தோ ஒரு தகர விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். "நான் ஆடல. நான்தான் ரெஃப்ரி" என்றான். விட்டது தொல்லை என்று இரண்டு அணியும் ஒத்துக்கொண்டன.

அதுவரை எங்கள் தெருவில் ஆட்டம் பத்து நிமிஷம், சண்டை அரை மணி நேரம். செங்கல்லுக்கு மேலே எவ்வளவு உயரம் வரை கோல் என்பதுதான் எப்போதும் தகராறு. தம்பி வந்த பிறகு ஒரு வழக்கம் பிறந்தது. பந்து போனதும் விசிலை ஊதமாட்டான். நேராகக் கீப்பரிடம் நடந்துபோய், "உள்ள போச்சா?" என்று கேட்பான். கீப்பர் சொல்வதுதான் தீர்ப்பு.

வாசலில் துணி உலர்த்திக்கொண்டே இதைப் பார்த்த நான் ஒருநாள் கேட்டேன். "ஏன்டா, அவன் இல்லன்னுதானே சொல்லுவான்?"

"போட்டவன் எப்பவும் கோல்னுதான்க்கா சொல்லுவான். அவன் ஆசைப்பட்டுப் பாக்கறான். வாங்கினவன் பயந்துகிட்டுப் பாக்கறான். பயந்தவனுக்குக் கண்ணு நல்லா தெரியும்."

"பொய் சொன்னா?"

"மொகத்தப் பாப்பேன்ல."

பார்ப்பான். கீப்பரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் அசையாமல் நிற்பான். எப்பேர்ப்பட்ட பொய்க்காரனும் மூன்று எண்ணுவதற்குள், "சரி, போச்சு போ" என்று விடுவான். தெருவில் சண்டை நின்றது. அடுத்த தெருப் பையன்கள்கூட அவனை ரெஃப்ரியாக அழைத்துப் போனார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுவது என் வேலை. நாற்பது துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே அளவு அட்டையை வைத்து, ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். விரல் அகலம் பிசகினால் நாற்பது சட்டை பாழ். அதனால் எதையும் எழுதிவைத்துச் சரிபார்க்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. இந்தக் கதைக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் தேவைப்படுகிறது, அதனால்தான் சொல்கிறேன். மற்றபடி கதை முழுக்க அவனுடையது.

தம்பி படித்தான். கம்ப்யூட்டர் படித்து முடித்து, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்யும் தூரத்தில் இருந்த ஊரில், வீடியோ கேம் கன்சோல் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். டிவியோடு இணைத்து ஆடுகிற பெட்டி. அம்மாவுக்கு அது பிடிபடவேயில்லை.

"பொம்மைக்குப் பந்து உதைக்கச் சொல்லித் தர்றதுக்கா மாசா மாசம் சம்பளம் தர்றாங்க?"

"ஆமாம்மா. உங்க பையனுக்கு உதைக்கத் தெரியாதுன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

அந்தக் கம்பெனியின் பாடு அப்போது திண்டாட்டமாக இருந்தது. அவன் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜனங்கள் பெட்டிக்காகப் பெட்டி வாங்குவதில்லை. அதில் ஓடுகிற ஆட்டத்துக்காக வாங்குகிறார்கள். அதிலும் ஃபுட்பால் ஆட்டம் இல்லாத பெட்டியைப் பாதிப் பேர் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். உண்மையான வீரர்களின் பெயரும் சட்டை நிறமும் போட்டு வருகிற பேர்போன ஃபுட்பால் ஆட்டத்தை வேறொரு பெரிய கம்பெனி வைத்திருந்தது. மற்ற பெட்டிகளுக்கெல்லாம் கொடுத்தவர்கள், இவர்களுக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். காரணம் ஆன்லைன். வீட்டிலிருந்தபடியே டெலிபோன் லைன் வழியாக முகம் தெரியாத ஆளோடு ஆடலாம் என்பது அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஆட வருகிறவன் எங்கள் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்றார்கள் இவர்கள். எங்கள் ஆட்டத்துக்கு எங்கள் வாசல் என்றார்கள் அவர்கள். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று பேசிப் பேசி, பேச்சு முறிந்தது.

வேறு வழியில்லாமல் இவர்கள் சொந்தமாக ஒரு ஃபுட்பால் ஆட்டம் செய்ய இறங்கினார்கள். அது இவர்கள் பெட்டியில் மட்டும்தான் ஓடும். ஆன்லைன் ஆட்டம்தான் அதன் பெருமை என்று விளம்பரமும் செய்துவிட்டார்கள். இருபத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஆன்லைன் பகுதி மொத்தமும் தம்பியின் பொறுப்பு. பெட்டி பிழைப்பது அந்த ஆட்டத்தின் கையில், அந்த ஆட்டம் பிழைப்பது இவன் கையில்.

உண்மையான வீரர்களின் பெயரைப் போட உரிமை இல்லையே, வீரர்களுக்கு என்ன பெயர் வைப்பது? தம்பி எங்கள் தெருப் பையன்களின் பட்டப்பெயர்களை எல்லாம் கொட்டிக் கொடுத்துவிட்டான். குட்டை, அஞ்சரை, தூங்குமூஞ்சி, ரப்பர். "உரிமை கேட்டு யாரும் வழக்குப் போட மாட்டாங்கல்ல?" என்று வக்கீல் கேட்டாராம். வழக்கு வரவில்லை. ஆனால் இடது ஓரத்தில் ஆடுகிற ரப்பருக்கு உதைக்கும் பலம் நூற்றுக்கு அறுபத்தொன்று என்று போட்டிருந்தான். எங்கள் தெருவின் அசல் ரப்பர் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னாளில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடுகிற பஸ்ஸை எங்கள் வீட்டெதிரே நிறுத்தி, "அறுபத்தொண்ணா? ஒங்க தம்பிய நேர்ல வரச் சொல்லுங்கக்கா, காட்டறேன்!" என்று கத்திவிட்டுப் போனான்.

ஆட்டம் வெளிவர ஐந்து வாரம் இருக்கும்போது தம்பி ஊருக்கு வந்தான். கையில் ஒரு பெட்டி, ஒரு மோடம், சுருட்டிய வயர்.

"அக்கா, நீ ஆடணும்."

"எனக்கு எங்கடா நேரம்?"

"ஆபீஸ்ல மாடிக்கும் கீழுக்கும் வயர் இழுத்து எட்டு மாசமா ஆடிட்டிருக்கோம். நல்லா ஓடுது. தூரத்துல இருக்கற ஆளோட ஆடிப் பாக்கணும். எனக்குத் தூரத்துல உன்ன விட்டா யாரு இருக்கா?"

இரண்டு நாள் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஆறு மணி என்றால் எனக்கு ஆட்டம். வேலையிலிருந்து வந்து கைகால் கழுவி, டெலிபோனிலிருந்து வயரைப் பிடுங்கி மோடத்தில் சொருகுவேன். அது கீச்சென்று கத்தி, கரகரவென்று தொண்டையைக் கனைத்து, அந்தப் பக்கம் தம்பி வந்துவிட்டான் என்று திரையில் காட்டும். அந்தச் சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கும். ஆடி முடிகிறவரை பேச முடியாது. இருப்பது ஒரே லைன்தானே. முடிந்ததும் வயரை மறுபடி டெலிபோனில் மாட்டினால் மணி அடிக்கும். "எப்படி இருந்துச்சுக்கா? நின்னு நின்னு வந்துச்சா?" என்று கேட்பான். ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. "பிரமாதம்டா" என்பேன். அம்மா குறுக்கே புகுந்து, "சாப்ட்டியா?" என்பாள். பேச்சு அந்தத் திசையில் போய்விடும்.

நான் பாட்டுக்கு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். எத்தனையாவது ஆட்டம், எந்த நிமிஷத்தில் யார் கோல் போட்டது, கடைசியில் எத்தனைக்கு எத்தனை. தம்பியும் அவன் பக்கத்தில் குறித்துவைப்பான். அது எங்கள் வீட்டு ரத்தம். பதினான்காம் ஆட்டம் முடிந்த அன்று கேலிக்காகத்தான் கணக்கைக் கூட்டினேன்.

"டேய், பெரிய இன்ஜினியரு. பதினாலுல நான் ஏழு ஜெயிச்சிருக்கேன், தெரியுமா? அஞ்சு தோத்தேன், ரெண்டு டிரா."

"போக்கா. நான் எட்டு ஜெயிச்சிருக்கேன்."

"எட்டா?"

"எட்டு. அஞ்சு தோல்வி. ஒரு டிரா."

ஏழும் எட்டும் பதினைந்து. பதினான்கு ஆட்டத்தில் பதினைந்து வெற்றி எப்படி வரும்? டிராவைக் கழித்தால் இன்னும் மோசம். நான் நோட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "யாரோ ஒருத்தர் தப்பா எழுதியிருக்கோம். நான் எழுதல."

"நானும் எழுதலக்கா."

"சரி, ஒண்ணொண்ணா வாசி."

வாசித்தோம். முதல் ஐந்து ஆட்டம் பொருந்தியது. ஆறாவது ஆட்டம் வந்தது.

"முப்பத்தெட்டாவது நிமிஷம். மூலையிலிருந்து நான் போட்டேன். ரெண்டு-ஒண்ணு" என்றேன்.

"முப்பத்தெட்டுல கீப்பர் புடிச்சிட்டான். அப்புறம் நான்தான் போட்டேன். ரெண்டு-ஒண்ணு எனக்கு."

"புடிக்கலடா! வலை ஆடிச்சு, நான் பார்த்தேன்!"

"நானும் பார்த்தேன்க்கா, அவன் கையில பந்து..."

பாதியில் நிறுத்தினான். பிறகு, "அக்கா, அந்த நோட்ட பத்திரமா வை" என்று சொல்லி வைத்துவிட்டான்.

நடந்தது இதுதான். நான் இங்கே பொத்தானை அழுத்தினால், அந்தச் செய்தி டெலிபோன் லைன் வழியாக அவனிடம் போய்ச் சேரக் கால் நொடி ஆகும். அதற்குள் என் பெட்டியில் பந்து வலைக்குள் போய்விடும். அவன் பெட்டியில் கீப்பர் இரண்டடி நகர்ந்து பந்தைப் பிடித்துவிடுவான். ஒரே ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு தனித்தனி ஆட்டம் ஆடியிருக்கிறோம். ஆபீஸில் மாடிக்கும் கீழுக்கும் இருந்த வயரில் இந்தத் தாமதமே கிடையாது. அபூர்வமாக வந்தாலும், அவரவர் பெட்டி 'நான் ஜெயித்தேன்' என்று, இரண்டுக்கும் நடுவில் இருந்து கணக்கு வைக்கிற கம்பெனியின் சர்வருக்குச் சொல்லும், சர்வரும் அவரவர் பெயரில் ஒரு வெற்றியை ஏற்றிக்கொள்ளும். ஒருவன் ஜெயித்தால் இன்னொருவன் தோற்றிருக்க வேண்டுமே என்று அது கேட்கவில்லை. இருபத்து மூன்று படித்தவர்கள் எட்டு மாதமாகத் தங்கள் வெற்றியை மட்டும் எண்ணிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆட்டத்தை வட்டில் அச்சடிக்க அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆன்லைன் பகுதிக்குத் தம்பி போட வேண்டும். மாட்டேன் என்றான்.

அவர்கள் மேனேஜருக்கு சீசன் என்று பட்டப்பெயர். "சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள" என்று சொல்லாமல் அவரால் ஒரு வாக்கியம் பேச முடியாது. அவர் அறையில் நடந்ததைத் தம்பி என்னிடம் பாதிதான் சொன்னான். மீதியை, அங்கே முகங்கள் வரைகிற வேலையில் இருந்த பெண் பின்னால் சொன்னாள். அவள்தான் இன்றைக்கு என் தம்பி மனைவி, அதனால் நம்பலாம்.

"ரெண்டு பேரும் ஜெயிச்சா ரெண்டு பேருக்கும் சந்தோஷம். இதுல உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்று கேட்டாராம் சீசன்.

"யாரும் ஜெயிக்கல சார் அதுல."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆடறவன் ஒருத்தன் இந்தக் கோடி, ஒருத்தன் அந்தக் கோடி. போன் பண்ணியா கேட்டுக்கப் போறான்?"

"எங்க அக்கா கேட்டாங்க சார்."

"உங்க அக்கா மாதிரி நாட்டுல எத்தன பேர் இருப்பாங்க?"

"ஒருத்தர் போதும் சார்."

சீசனுக்குக் கோபம் வந்துவிட்டது. நாளைக்குள் கையெழுத்து, இல்லையென்றால் நாளை மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் தம்பி போன் செய்தான். விஷயம் கேட்டதும் அம்மா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"கையெழுத்துதானேடா? போட்டுட்டு வேலையப் பாரேன். சொத்தா எழுதிக் கேக்கறாங்க?"

"அம்மா, தெருவுல நான் ரெண்டு கீப்பர்கிட்டயும் 'நீதான் ஜெயிச்சே'ன்னு சொல்லியிருந்தா, அடுத்த நாள் என்ன யாரு கூப்பிட்டிருப்பா?"

அம்மா ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு, "அவன் அப்பா மாதிரியே பேசறான்" என்றாள். அது திட்டா பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலையில் தம்பி சீசனிடம் போய் ஒன்று மட்டும் கேட்டான். "சார், உங்க வீட்டுலயும் எம்.டி. வீட்டுலயும் பெட்டி இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுல இருந்து நாலே நாலு ஆட்டம் ஆடுங்க. நாளைக்கு நீங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போடறேன்." சின்ன விலைதானே என்று சீசன் ஒத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை, லிஃப்டில் எம்.டி., சீசன், மூலையில் கையில் ஒரு கட்டுப் படத்தோடு அந்தப் பெண். சீசன் முதலாளியின் மனம் நோகக்கூடாதே என்று ஆரம்பித்தார்.

"நேத்து நீங்க ரொம்ப நல்லாதான் ஆடினீங்க சார். கொஞ்சம் அதிர்ஷ்டம்தான் இல்ல."

"அதிர்ஷ்டம் இல்லையா? நாலுல மூணு ஜெயிச்சவனுக்கா?"

"சார்... மூணு ஜெயிச்சது நான்."

"யோவ், கடைசி ஆட்டம் நாலு-ரெண்டு!"

"ஆமா சார். நாலு எனக்கு."

லிஃப்ட் மேலே போய் நின்றும் இரண்டு பேரும் வெளியே வரவில்லையாம். கதவு இரண்டு தடவை திறந்து திறந்து மூடியதாம். பத்து மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எம்.டி. கேட்டது ஒரே கேள்வி. "எத்தன நாள் வேணும்?"

"பதினஞ்சு சார்."

"ஒம்போது" என்றார் சீசன். "சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள கடைக்குப் போகணும்."

ஒன்பது நாள். தீர்ப்பு யாருடையது என்பதில் தம்பிக்குச் சந்தேகமே இல்லை. கோல் வாங்குகிறவனின் பெட்டி எதைப் பார்க்கிறதோ அதுதான் நடந்தது. போட்டவன் பெட்டி அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு நாளில் அதைச் செய்துவிட்டான். ஆனால் கேட்டு, பதில் வருகிற வரைக்கும் போட்டவன் திரையில் பந்து என்ன செய்யும்? கோலுக்கு நாலடி முன்னால், யோசனை வந்தது போல அந்தரத்தில் நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் பெட்டி கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் வரை அந்த அரை நொடியை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான்.

ஆறாம் நாள் மத்தியானம் அந்தப் பெண்ணின் மேஜைக்குப் போய் நின்றிருக்கிறான்.

"எனக்கு ஒரு மொகம் வேணும். கீப்பர் மொகம், திரை முழுக்க. அரை நொடிக்கு."

"எதுக்கு?"

"உள்ள போச்சான்னு கேக்கறதுக்கு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தெருக் கதையை அவன் சொன்ன பிறகுதான் புரிந்தது. பந்தை உதைத்ததும் திரை சட்டென்று கீப்பரின் முகத்துக்குத் தாவும். கண் விரியும், புருவம் ஏறும். பார்க்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். அந்த அரை நொடியில் கேள்வி போய்ப் பதில் வந்துவிடும். திரை திரும்பும்போது பந்து வலையில் இருக்கும், இல்லை கையில் இருக்கும். இரண்டு வீட்டிலும் ஒரே இடத்தில் இருக்கும்.

"யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா மொகத்துக்கு எங்க போறது?" என்றாளாம் அவள். "கிட்டப் பாத்தா இவங்க எல்லாருக்கும் முட்டைக்கு மூக்கு வரஞ்ச மாதிரி இருக்கும். மூணு நாள்ல புதுசா உண்டாக்க முடியாது. யாரையாவது படம் புடிச்சாத்தான் உண்டு."

அந்த நேரத்துக்குச் சும்மா இருந்தவர் வாசல் வாட்ச்மேன் ஒருவர்தான். அடர்ந்த மீசை, இரண்டு கம்பளிப்பூச்சி போலப் புருவம். அவருக்குப் பந்து என்றாலே ஆகாது. ஆபீஸ் ஜன்னலைப் பையன்கள் உடைக்காமல் பார்ப்பதுதானே அவர் உத்தியோகம்? ஸ்டூலில் உட்காரவைத்து, "அண்ணே, இப்ப ஒரு பந்து உங்க ஜன்னல பாத்து வருது" என்றார்கள். அந்த முகம் போதுமானதாக இருந்தது.

ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டுக்கும் அவன் ஆபீஸுக்கும் இடையே பத்து ஆட்டம் ஆடினோம். நோட்டை ஒப்பிட்டோம். ஒரு கோல், ஒரு நிமிஷம் பிசகவில்லை. நான் ஏழு தோற்றிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை. அன்று மாலை அவன் கையெழுத்துப் போட்டான்.

ஆட்டம் வெளிவந்தது. பத்திரிகையில் எழுதினார்கள், கடைகளில் வரிசை நின்றது. எல்லோரும் வாய் ஓயாமல் பேசியது அந்த முகத்தைப் பற்றித்தான். என்ன நாடகம், என்ன படபடப்பு, எப்பேர்ப்பட்ட கற்பனை என்றார்கள். அது டெலிபோன் லைனுக்காகக் காத்திருக்கிற நேரம் என்று இருபத்து மூன்று பேருக்கும் எனக்கும்தான் தெரியும். வாட்ச்மேனைத் தேடிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் ஆபீஸ் வாசலுக்கே வந்தார்கள். "சார், நீங்கதானே அந்த கீப்பர்?" அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "இப்ப ஆடறதில்லப்பா" என்பாராம்.

நாலு வருஷம் அந்த ஆட்டம் ஓடியது. எங்கள் வீட்டில் அம்மா கூட மூன்றாம் வருஷத்தில் தூங்குமூஞ்சியின் ரசிகை ஆகிவிட்டாள். "அந்தப் புள்ளைய உக்கார வச்சிட்டியாடி? ஏன், அவன் என்ன பண்ணினான்?" என்று என்னிடம் சண்டை பிடிப்பாள். தம்பிக்கும் அந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆனது. அதன் பிறகும் ஆறு மணி ஆட்டம் நிற்கவில்லை. வேகமான இன்டர்நெட் வந்து, மோடத்தின் கரகரப்பு போய், ஆடும்போதே போனில் பேசலாம் என்றானது. ஆனால் பழக்க தோஷம், நாங்கள் பேசமாட்டோம். முடிந்த பிறகுதான் பேசுவோம். எனக்கு ஐந்து நோட்டு ஆயிற்று.

பிறகு ஒருநாள் அந்தப் பெரிய கம்பெனி, வாசல் தகராறை முடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பாதி வழி இவர்கள் இறங்கிப்போனார்கள், பாதி வழி அவர்கள். இனி உண்மையான வீரர்களோடு பேர்போன ஆட்டம் இந்தப் பெட்டியிலும் வரும். சொந்த ஆட்டம் எதற்கு? எங்கள் ரப்பரும் அஞ்சரையும் நன்றாக ஆடியதால்தான் அவர்கள் இறங்கி வந்தார்கள் என்று தம்பி சொன்னான். நன்றாக ஆடியதற்குப் பரிசு, கடையைக் கட்டுவது. ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு சர்வரை நிறுத்துவது என்று முடிவானது.

தம்பிக்கு வருத்தம் இருந்தது, பயம் இல்லை. ரயில் டிக்கெட் முன்பதிவு செய்கிற கம்ப்யூட்டர் வேலைக்கு அதற்குள் கூப்பிட்டிருந்தார்கள். "அங்கயும் இதே வேலதான்க்கா. ஒரே சீட்ட ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் குடுத்துட்டேன்னு சொல்லக்கூடாது, அவ்வளவுதான்." இன்றுவரை அங்கேதான் இருக்கிறான். ரயிலில் எனக்கு ஒதுக்கிய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். பதினொன்றே முக்காலுக்குக் கடைசி ஆட்டத்தைத் தொடங்கினோம். கடைசி ஆட்டத்தை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய இருந்தது, மறைப்பானேன். அறுபதாவது நிமிஷத்தில் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தெட்டாவது நிமிஷம். ரப்பர் இடது ஓரமாக இறங்கினான். அறுபத்தொன்று பலத்தில் ஓங்கி ஒரு உதை. என் கீப்பர் பாய்ந்தான். பந்து அவன் விரலைத் தாண்டி, வலது மூலையில், வலையைத் தொட்டது. தொட்ட மறு கணம் திரை கறுத்தது. 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி.

போன் அடித்தது. எடுத்தேன். பின்னால் தம்பி மனைவி, "இன்னும் அப்படியே நிக்குதே" என்று சொல்வது கேட்டது. அவன் திரையில் வாட்ச்மேன் அண்ணனின் முகம் வந்திருக்கிறது. வந்தது போகவில்லை. கண் விரிந்து, புருவம் ஏறி, அப்படியே நின்றுவிட்டது. பதில் கொண்டுவர வேண்டிய சர்வர் இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்த பெட்டி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது என் முன்னால் இருந்தது.

"அக்கா" என்றான் தம்பி. "உள்ள போச்சா?"

அம்மா என் முழங்கையை இடித்து, இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டினாள். அவளுக்கும் நான் ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆசை. என் முகம் அவனுக்குத் தெரியாது. இருந்தாலும் ஒரு சாண் தூரத்தில் அவன் முகம் வந்து நிற்பது போலத்தான் இருந்தது.

"போச்சுடா. வலது மூல. கீப்பர் விரலுக்கு அந்தப் பக்கம்."

"ரப்பரா?"

"ரப்பர்தான்."

அவன் வாயாலேயே விசில் அடித்தான். தெருவில் ஆட்டம் முடிந்தது என்று ஊதுவானே, அதுபோல நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அம்மா, "படிச்ச புள்ள, ஆபீஸ்ல இருந்துகிட்டு விசிலடிக்கறான் பாரு" என்றாள். ஆனால் போனை என் காதிலிருந்து பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

நான் ஐந்தாம் நோட்டில் எழுதினேன். எண்பத்தெட்டாவது நிமிஷம், ரப்பர், 2-2. போன் என் கைக்குத் திரும்பி வந்ததும், அவன் நோட்டில் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். அதேதான்.